கோமளா அக்காவின் மாடிக்குக் குரங்கு வந்ததில்லை

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. மாலை ஐந்தரை மணிக்கு நம் பூந்தொட்டி வாட்ஸ்அப் குழுவில் ஹேமா ஆன்ட்டியின் செய்தி வந்தது. "நம் கோமளா மாடியிலிருந்து தவறி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது." கீழே கைகூப்பும் படம். படித்ததை நம்பாமல் நான் மறுபடி படித்துக்கொண்டிருந்தபோது அடுத்த செய்தி வந்தது. அதில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

"குரங்கா?"

அதைக் கேட்டவரை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சொல்லை நம் குழுவுக்குள் முதலில் கொண்டுவந்தவள் நான்தான். இந்த அஞ்சலியை நான் எழுதுவதற்கும் அதுவே காரணம்.

நம் பொங்கல் மலருக்காக அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி ஹேமா ஆன்ட்டி கேட்டார். "பதினொண்ணாவது படிக்கற பொண்ணு, நீதாம்மா நல்லா எழுதுவே. அவங்க செடிங்களப் பத்தி அழகா எழுது. வேற எதுவும் வேணாம். கேஸு நடக்குது, நமக்கு எதுக்கு பேஜாரு?" நான் சரி என்றேன். செடிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் அக்காவின் செடிகளைப் பற்றி உண்மையாக எழுத உட்கார்ந்தால் மற்றதும் கூடவே வந்துவிடுகிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். கோமளா அக்காவுக்கு முப்பத்தொன்பது வயது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்தார். அவருடைய கணவர் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை செய்பவர். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆலைகளுக்குப் பின்னால் வாடகை வீட்டின் மேல்தளத்தில் அவர்கள் இருந்தார்கள். காலையில் எழுந்தால் இலைகளின் மேல் கரி படிந்திருக்கும். அக்கா குழாயைப் பிடித்து, வைவது போலத் தண்ணீர் பீய்ச்சி அதைக் கழுவுவார்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் நாம் கூடுகிறோம். அந்த மாதம் தன் வீட்டில் பூத்திருப்பதில் ஒரு தண்டோ, பதியனோ, விதையோ எடுத்து வருகிறோம். தையில் சாமந்தி, பங்குனியில் காகிதப்பூ, சித்திரையில் மல்லி, முதல் மழைக்கு மழை லில்லி, மார்கழியில் டிசம்பர் பூ. ஒரே ஒரு விதிதான் உண்டு. தாய்ச்செடியை யாரும் கேட்கக் கூடாது, யாரும் கொடுக்கவும் கூடாது. தாய்ச்செடி அதன் வீட்டிலேயே இருக்க வேண்டும்.

ஓர் ஐப்பசியில் ஹேமா ஆன்ட்டியின் பன்னீர் ரோஸுக்கு அக்கா கவாத்து செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்த செடி. ஆன்ட்டி காப்பி எடுத்துவர உள்ளே போய்த் திரும்புவதற்குள் அக்கா அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டிச் சாய்த்துவிட்டார். கையெல்லாம் முள் கீறி ரத்தம். ஆன்ட்டி தட்டோடு நின்று, "அய்யோ, கொன்னுட்டியே!" என்று கத்தினார்.

"இதுக்குப் போயி அழுவுறீங்களே ஆன்ட்டி. செடிக்கு வலிக்காது. வலிச்சா ஓடிப்போயிருக்காதா?" என்றார் அக்கா.

பொன்னேரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆரணியிலிருந்து பஸ் ஏறி வரும் சுப்பம்மா, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஏம்மா, ஓடறதுக்கு அதுக்குக் காலு எங்க கீது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் அக்காதான். தை மாதம் அந்தச் செடி ஒரே நாளில் பதினொரு பூ பூத்தது.

அக்கா யாருக்கும் பயப்படாதவர் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். நெடுஞ்சாலை ஓரம் நாம் வைத்த காகிதப்பூச் செடிகளின் மேல் எளாவூர்ப் பக்கமிருந்து வந்த லாரி ஒன்று பின்பக்கமாக ஏறியது. நாங்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தோம். அக்கா ஓடிப்போய்ப் படியில் ஏறி டிரைவரின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். "எறங்குடா. எறங்கி உன் கையாலயே தூக்கி நிறுத்து. கண்ணு இன்னா பொடரியிலயா கீது?" என்றார். அந்த ஆள் இறங்கி, நான்கு செடிகளையும் நட்டு, கல் வைத்து, தண்ணீரும் ஊற்றிவிட்டுத்தான் போனார். "சொம்மா உட்டா ஏறிகினே போவானுங்க," என்று புடவையை உதறிக்கொண்டே அக்கா சொன்னார்.

இனி நான் செய்த தவறுக்கு வருகிறேன்.

போன பங்குனியில் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. ராமபாணக் கொடி பிய்ந்து தரையில் கிடந்தது. மூன்று தொட்டிகள் உடைந்து மண் சிதறியிருந்தது. "போச்சு" என்று மட்டும் எழுதியிருந்தார். எல்லோரும் அழும் முகங்களை அனுப்பினோம். எப்படி ஆயிற்று என்று ஒருவர் கேட்டார். ஒரு மணி நேரம் பதில் இல்லை. நான் அப்போது நூலகத்திலிருந்து எடுத்துவந்த விலங்குகள் பற்றிய புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததை எல்லோருக்கும் தெரிவிக்கும் ஆசையில் இப்படி எழுதினேன்: "குரங்குகள் இளந்தளிர்களையும் மொட்டுகளையும் விரும்பித் தின்னும். கிழங்கு தேடித் தொட்டிகளைக் கவிழ்க்கும். கேண்டீன்களில் மிஞ்சும் சோற்றுக்காக அவை தொழிற்பேட்டைக்கு வருகின்றன. ஆகவே இது குரங்குகளின் வேலையாகவே இருக்க வேண்டும்."

இரண்டு நிமிடத்தில் அக்காவின் குரல் பதிவு வந்தது. "அட, ஆமா பாப்பா! கொரங்குதான். கரெக்டா சொல்லிட்ட. எந்த புக்குல படிச்ச? நல்லா படிடி." அந்தக் குரலை நான் பெருமையோடு பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். இப்போது கேட்டால், "அட" என்பதற்கு முன்னால் அவர் ஒரு மூச்சு விடுவது கேட்கிறது. ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தவர் விடும் மூச்சு அது. இடத்தைக் காட்டியவள் நான்.

அதன் பிறகு மாதத்துக்கு இரண்டு முறையாவது படம் வரும். கீழே "கொரங்கு" என்று இருக்கும். நாம் எல்லோரும் வைத்தியம் சொன்னோம். வலை கட்டச் சொன்னார் ஒருவர். மிளகாய்த்தூளைக் கரைத்துத் தெளிக்கச் சொன்னார் இன்னொருவர். மாடிச் சுவரில் கண்ணாடி வைத்தால் தன் முகத்தைப் பார்த்து அதுவே பயந்து ஓடும் என்று என் அம்மா சொன்னார். "எங்க நெலத்துல பன்னி வந்தா வெடி போடுவோம். போடு கோமளா வெடி," என்றார் சுப்பம்மா. "இது வெடிக்கெல்லாம் பயப்படற கொரங்கு இல்ல சுப்பம்மா. வேலைக்குப் போற கொரங்கு," என்று அக்கா பதில் அனுப்பினார். நாம் சிரித்தோம். அவர் நம்மிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாம் சிரிக்கும் படங்களை அனுப்பினோம்.

சித்திரை மல்லிக் கூட்டத்துக்கு உதடு வீங்கிய முகத்தோடு வந்தார். கன்னத்தில் நகம் கீறியதுபோல் மூன்று கோடுகள். தடுக்கப் போனபோது குரங்கு கையை வீசிவிட்டது என்றார். ஹேமா ஆன்ட்டி பதறிவிட்டார். அப்போதே அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் நாய்க்கடிக்குப் போடும் ஊசியைப் போடவைத்தார். அக்கா கையை நீட்டினார். மிச்ச ஊசிகளுக்கும் சொன்ன நாளில் தானே போய் நின்றார். கணவர் அடித்ததற்கு ஒரு பெண் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டார். அதற்கு நாம் ஆட்டோ பிடித்துக் கொடுத்தோம்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. எனக்குப் புரிந்ததெல்லாம் இது ஒரு நல்ல ஆய்வுக்கான பொருள் என்பதுதான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் "குரங்குகள் வரும் நேரம்" என்று தலைப்பிட்டு, அக்கா படம் அனுப்பிய நாள்களைக் குறித்து வந்தேன். எல்லாமே மாலை நான்கு மணியை ஒட்டியே இருந்தன. விலங்குகளுக்கு இவ்வளவு ஒழுங்கான நேரம் உண்டா என்று வியந்தேன். ஆடி மாதத்தில் ஒரு விடுமுறை நாளன்று, அவற்றைக் கண்ணால் பார்த்து எழுத வேண்டும் என்று நோட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மாடிக்கு வெளிப்பக்கமாகப் படிக்கட்டு உண்டு. கடைசிப் படிக்கு இரண்டு படி கீழே நின்று எட்டிப் பார்த்தேன்.

அக்காவின் கணவர் ஆலைச் சட்டையோடு நின்றிருந்தார். கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த இரும்புக் கம்பி அவர் கையில் இருந்தது. ஒவ்வொரு தொட்டியாக அடித்துக்கொண்டு போனார். அவசரமே இல்லை. அடி விழுந்த தொட்டி இரண்டாகப் பிளந்து, வேரோடு மண் கட்டியாக நின்று, பிறகு சரிந்தது. "எவனுக்குடி போட்டோ அனுப்பற? எவன்டி பாத்துகினு கீறான்?" என்று கேட்டார். அடுத்த தொட்டியை அடித்தார். தண்ணீர்த் தொட்டி ஓரமாக அக்கா நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளும் தொங்கின. லாரிக்காரரின் காலரைப் பிடித்த அதே கைகள். "பொம்பளைங்க குரூப்புங்க. பூதான் போடுவோம்," என்று எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்.

"பூவா? பூ வேணுமாடி உனக்கு?" அவர் செம்பருத்தியைக் கழுத்தைப் பிடிப்பதுபோல் பிடித்து வேரோடு பிடுங்கினார். மண் கட்டியோடு சேர்த்து அக்காவின் முகத்தில் வீசி அடித்தார். ஒரு முறை இல்லை. வேர் அறுந்து மண் உதிர்ந்து வெறும் குச்சியாகும்வரை அடித்தார். அக்கா வாயிலிருந்த மண்ணைத் துப்பினார். அப்போதும் கத்தவில்லை. கம்பி அவருடைய மணிக்கட்டில் விழுந்தபோது வந்த சத்தம் தொட்டி உடையும் சத்தம் போல இல்லை. அது எனக்கு இன்னும் கேட்கிறது. நோட்டுப் புத்தகம் கையிலிருந்து நழுவிப் படியில் விழுந்தது. நான் ஓடிவிட்டேன்.

நான் பொன்னேரியில் படிக்கிறேன். மூன்றாம் நாள் பள்ளிவிட்டு ரயிலில் வந்து இறங்கியபோது கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் அக்கா காத்திருந்தார். மணிக்கட்டில் கட்டு. மறு கையில் என் நோட்டு.

"இந்தா. எழுத்து நல்லா கீது," என்று நீட்டினார். "பாத்தியா, கொரங்க?"

நான் அழத் தொடங்கினேன். அவர் என்னை பெஞ்சில் உட்காரவைத்து, கடலை வாங்கிக் கொடுத்தார். பிறகு, செடி வளர்ப்பதில் ஒரு நுணுக்கத்தைச் சொல்வது போலச் சொன்னார்:

"இத்த பாரு பாப்பா. அவன் மொதல்ல செடிமேலதான் கைய வெப்பான். பத்து பாஞ்சு தொட்டி ஒடைக்கறதுக்குள்ள கை ஓஞ்சிரும். அப்பால எம்மேல வர்றது கொஞ்சந்தான். செடிங்க இருக்கற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆவாது."

"போலீஸுக்குப் போகலாம் அக்கா. எங்க ஸ்கூல் சுவத்துல ஒரு நம்பர் எழுதியிருக்காங்க."

"போயிட்டு? திரும்பி எந்த ஊட்டுக்கு வர்றது? எங்க அக்காவுக்கு ஒரு ரூம் ஊடு. அதுல ஆறு பேரு." கடலைத் தோலை ஊதினார். "வழி பண்ணிகினுதான் இருக்கேன். அது வரைக்கும் யார் கையிலயும் சொல்லாத. உங்கம்மா கையிலகூட. சத்தியம் பண்ணு."

நான் சத்தியம் செய்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது நல்ல பழக்கம் என்று படித்து வளர்ந்தவள் நான். ஐந்து மாதம் காப்பாற்றினேன். என் வாழ்க்கையில் நான் இதுவரை செய்தவற்றில் மிக மோசமான காரியம் அந்த நல்ல பழக்கம்தான்.

அதற்குப் பிறகு அக்கா உடைந்த தொட்டிகளைத் தூக்கிப்போடவில்லை. கம்பெனியில் அட்டைப் பெட்டிகளுக்குச் சுற்றும் நீலப் பிளாஸ்டிக் பட்டியின் துண்டுகளைக் கொண்டுவந்து, பிளந்த தொட்டிகளை இறுக்கிக் கட்டி, விரிசலில் சிமெண்ட் பூசினார். அந்தப் படங்களைப் பார்த்து நாம் "செம ஐடியா" என்று எழுதினோம். ஹேமா ஆன்ட்டி புதுத் தொட்டி ஒன்றுக்கே அப்படி நீலப் பட்டி கட்டி அழகு பார்த்தார். எனக்கு மட்டும் தெரியும். நானும் கைதட்டும் படத்தை அனுப்பினேன்.

மார்கழிக் கூட்டம் ஹேமா ஆன்ட்டி வீட்டு மாடியில் நடந்தது. பத்து மணி இருக்கும். கீழே ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னால் முழுக்கச் செடிகள். அவற்றின் நடுவில், கவிழாமல் இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்தபடி அக்கா நின்றிருந்தார்.

"இன்னா கோமளா, தாய்ச்செடியவே கொண்டாந்துட்ட?" என்றார் அம்மா.

"ஆமாக்கா. ஆளுக்கு ஒண்ணு. சீக்கிரம் எறக்குங்க, வண்டிக்காரன் போவணும்."

"அப்ப ரூல்ஸு?"

"ரூல்ஸ வழியில எறக்கி உட்டுட்டேன்."

பதினான்கு செடிகள். நாம் இருந்தது பதினான்கு பேர். ஏன் கொடுக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. தாய்ச்செடி கிடைக்கும் மகிழ்ச்சியில் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஓடினோம். பவளமல்லிக்காக அம்மாவும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் இரண்டு கிளைகள் முறிந்தன. "ஏய், நைனா, அந்த அரளி எனுக்கு! அத்த யாருக்கும் குடுக்காத!" என்று சுப்பம்மா வண்டிக்காரரிடம் கத்தினார். அக்கா இடுப்பில் கை வைத்து நின்று, "அடிச்சிக்காதீங்கடி, எல்லாருக்கும் கீது," என்று சிரித்தார்.

கூட்டம் தணிந்ததும் ஊதா டிசம்பர் பூச்செடியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "சாயந்தரம் எங்க அக்கா ஊட்டுக்குப் போறேன். ஊட்டுல போயி பைய எடுத்துகினு கெளம்ப வேண்டியதுதான்," என்றார்.

"எப்ப வருவீங்க?"

"பூத்தா போட்டோ அனுப்பு," என்று மட்டும் சொன்னார்.

அந்தச் செடிகள் அக்காவுக்கு என்ன வேலை செய்துவந்தன என்பது அங்கே இருந்தவர்களில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அவை இல்லாத மாடிக்கு, அவை இல்லாத வீட்டுக்கு, பை எடுக்க அவர் தனியாகத் திரும்பிப் போகிறார் என்பது என் கண் முன்னால் நடந்தது. அதில் இருந்த ஆபத்து எனக்குத் தோன்றவில்லை. எங்கள் மாடியில் காலை வெயில் எந்த மூலையில் விழும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று பகல் ஷிஃப்ட் முடிந்து அவருடைய கணவர் மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தார். பிறகு அந்த மாடியில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுத மாட்டேன். கீழ்வீட்டில் இருப்பவர்கள் முதல் நாள் கத்தல் கேட்டது என்றார்கள். மறுநாள் ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள்.

அடக்கத்தன்று தெருவில் பந்தலுக்குக் கீழே அக்காவின் கொழுந்தனார் போனைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். "இந்தா பாருங்க. அண்ணி போட்ட போட்டோ. கொரங்கு, கொரங்கு, கொரங்கு. எத்தினி பேரு எழுதிக்கிறாங்க பாருங்க. படிச்ச பொண்ணு ஒண்ணு இவ்ளோ நீளத்துக்கு எழுதிக்குது. செடியில பூந்த கொரங்க வெரட்டப் போயி உழுந்துட்டாங்க. இதுல எங்க அண்ணன் இன்னா பண்ணான்?" பிறகு என் பத்தியை உரக்கப் படித்தார். "ஆகவே இது குரங்குகளின் வேலையாகவே இருக்க வேண்டும்." என் வாக்கியம், அக்காவின் உடம்புக்குப் பக்கத்தில், அவர் வாயிலிருந்து வந்தது.

பழவேற்காட்டிலிருந்து வந்திருந்த அக்காவின் அக்கா எழுந்தார். கால் இடறப் போய் அந்தப் போனைப் பிடுங்கித் தரையில் அடித்தார். "எந் தங்கச்சி படகுமேல ஓடி வெளையாண்டவடா! அவ மாடியிலேர்ந்து உழுவாளா? கொரங்காம் கொரங்கு! உங்கண்ணன் மூஞ்சிய கண்ணாடியில காட்டுறா!" கொழுந்தனார் அவருடைய முடியைப் பிடித்தார். நாற்காலிகள் பறந்தன. ஒருவர் பறைக்குச்சியை ஓங்கினார். மாலைகள் பிய்ந்து, பூக்கள் எல்லோருடைய காலிலும் மிதிபட்டன. அந்தச் சண்டையில் அக்காவின் கணவர் மட்டும் அசையவில்லை. சுவரோரம் நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கை முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. நான் பார்த்தேன். ஹேமா ஆன்ட்டி, நீங்களும் பார்த்தீர்கள். உடனே என் தலையைத் திருப்பி உங்கள் தோளில் சாய்த்துக்கொண்டீர்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முதலில் என்னை அறைந்தார். "அஞ்சு மாசமா வயித்துல வெச்சிகினு இருந்தியாடி?" பிறகு, "எனக்கு மட்டும் தெரியாதா? கொரங்கு கீறுனா மூணு கோடு அப்பிடியா இருக்கும்? ஊருக்கே தெரியும். தெரிஞ்சிகினுதான் கண்ணாடி வைன்னு சொன்னேன்," என்று சொல்லி என்னோடு சேர்ந்து அழுதார். அடுத்த நாள் காலை நாஷ்டா செய்யவில்லை. பவளமல்லித் தொட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "வாடி," என்றார். நான் என் தொட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

ஸ்டேஷனில் பெண் எஸ்.ஐ. ஒருவர் இருந்தார். ஆடி மாதம் நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். "இது அன்னிக்கு நடந்தது. போன ஞாயிறுக்கு இது சாட்சி ஆகுமா? மாடியில ஓட்டுச் சில்லெல்லாம் கிடக்குது. செடியில குரங்கு பூந்துச்சு, உடைஞ்ச செடிய அள்ளிக் கொட்டிட்டோம்னு சொல்றாங்க. குரூப் மெசேஜும் அப்படித்தானே இருக்குது?" என்றார்.

"போன ஞாயித்துக்கெழம அவ மாடியில செடியே இல்ல மேடம்," என்றார் அம்மா. "காலையிலயே எல்லாத்தையும் எங்களுக்குக் குடுத்துட்டா. இது ஒண்ணு. அது ஒண்ணு. பதினாலு. சில்லு அவன் முந்தி ஒடச்சது. இல்லாத செடியில எந்தக் கொரங்கு பூந்துச்சு?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு தொட்டிகளையும் பார்த்தார். "இது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"பதினாலு பேருக்கு."

"மத்த பன்னெண்டு பேரு எங்க?"

வீட்டுக்கு வந்ததும் அதையே நான் குழுவில் கேட்டேன். சிலர் படித்ததற்கான நீலக் குறி வந்தது. ஒருவர் குழுவிலிருந்து விலகிவிட்டார். தன் தொட்டியை மொட்டை மாடியிலிருந்து எடுத்து உள்ளே மறைத்து வைத்துவிட்டதாக ஒருவர் அம்மாவிடம் சொன்னார். பழைய படங்களை அழித்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். சுப்பம்மா மட்டும் ஆரணியிலிருந்து குரல் அனுப்பினார்: "அரளி எங்கிட்ட கீது. எந்த பஸ்ஸுல வரணும்னு சொல்லு."

நான் உங்களைக் கெஞ்சவில்லை. நீங்கள் எல்லோரும் எனக்குப் பெரியவர்கள், என்னிடம் அன்பானவர்கள். பயமும் எனக்குப் புரிகிறது. நம் ஊரிலேயே அக்காவின் கணவருடைய சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் அக்காவின் சாவுக்குக் காரணமானவர் தப்பிப்பதற்கு இருப்பது ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல்லை நான் கொடுத்தேன், நாம் எல்லோரும் ஒன்பது மாதம் திருப்பித் திருப்பிச் சொல்லி அதை உண்மையாக்கினோம். நான் என் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கோமளா அக்காவின் மாடிக்கு ஒரு நாளும் குரங்கு வந்ததில்லை.

அஞ்சலி எழுதுபவர்கள் இறந்தவரிடமிருந்து தாங்கள் பெற்றுக்கொண்டது என்ன என்று கடைசியில் சொல்வது வழக்கம். என்னிடம் இருப்பது ஊதா டிசம்பர் பூச்செடி ஒன்று. அம்மாவிடம் பவளமல்லி. சுப்பம்மாவிடம் அரளி. ஹேமா ஆன்ட்டியிடம் இட்லிப்பூ. மற்ற பத்துப் பேரின் பெயர்களையும் செடிகளையும் நான் எழுதி வைத்திருக்கிறேன். இங்கே எழுதவில்லை, நீங்களே வந்து சொல்வீர்கள் என்பதற்காக.

நேற்று என் தொட்டியை வெயிலுக்காகத் திருப்பி வைத்தேன். சுவர்ப் பக்கம் இருந்த இடத்தில், நீலப் பட்டிக்குக் கீழே, சிமெண்ட் பூசிய விரிசலுக்கு நடுவில், கம்பி விழுந்த குழி இருக்கிறது. என் கட்டைவிரல் அதில் சரியாகப் பொருந்துகிறது. உங்கள் தொட்டிகளையும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, ஸ்டேஷன் வாசலில், நானும் அம்மாவும் எங்கள் தொட்டிகளோடு நிற்போம்.